டெஸ்ட் நாள் காய்ச்சல்

வளைகுடா நகரமொன்றின் அல் குசைஸ் பகுதியில் என் மகள் போய்வந்த பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்கு வெயிலில் வெளுத்த பச்சைச் சட்டை. ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார்.

அன்றைக்குப் பள்ளிகளை ஒப்பிடும் சர்வதேசத் தேர்வு. சராசரி குறைந்துவிடுமாம், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு லீவு போடச் சொல்லிப் பள்ளியிலிருந்து முந்தின நாளே போன் வந்தது. வாதாடத் தெம்பில்லாமல் சரி என்றுவிட்டேன்.

காலையில் வண்டி வந்ததும் கீழே இறங்கிப்போய், “பாப்பாவுக்குக் காய்ச்சல்மா,” என்றேன்.

“இன்னைக்கு இந்த வண்டியில மட்டும் இதோட ஆறு காய்ச்சல் சார்,” என்றார் அலுப்பாக. “வருசா வருசம் இந்த டெஸ்ட்டு அன்னைக்குத்தான் வருது.”

மேலே பால்கனியிலிருந்து மகள் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். அவரும் ஆட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், நோட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதிக்கொண்டார்.