பாலையூற்று வீட்டின் ஐந்தாவது ஆள்

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குணமணி எனக்குத் தூரத்து மச்சாள். பொய் சொல்லுகிறவள் தன்னை நல்லவளாகக் காட்டித்தான் கதை சொல்லுவாள். குணமணி இந்தக் கதையில் ஓரிடத்திலாவது தன்னை நல்லவளாகக் காட்டவில்லை. அதனால்தான் நான் நம்புகிறேன். திகதியும் நேரமும் அவள் சொன்னபடியே தருகிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. வெருகல் பக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி இருக்க முடியாது என்ற நிலை. ஷெல் எந்த நேரம் விழும் என்று தெரியாது. குணமணியின் புருஷன் கனகசுந்தரம் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பாதை திறந்தால் வீட்டுக்கு வருவார், மூடினால் மாதக்கணக்கில் வரமாட்டார். மூத்தவளுக்கு நாலு வயது, எல்லோருக்கும் அவள் 'குஞ்சு'. சின்னவனுக்கு எட்டு மாதம். நால்வரும் நகரத்தோடு போய்விடுவது என்று முடிவாயிற்று.

நகரத்தில் எந்தப் பக்கம் குடியிருப்பது? கனகசுந்தரத்தோடு வேலை செய்த கிண்ணியா ஆதம்பாவா ஒரே நாளில் மூன்று வீடு காட்டினார். முதலாவது துறைமுக வாசலுக்குக் கிட்ட. வேலைக்கு நடந்து போகலாம். இரண்டாவது உப்புவெளியில், நல்ல காற்று. மூன்றாவது பாலையூற்றில். கிணற்றுத் தண்ணீர் இனிப்பு, பள்ளிக்கூடம் பக்கத்தில், வளவுக்குள் பதுங்கு குழியும் வெட்டியிருந்தது.

எவரும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். குணமணி பார்த்தது பக்கத்து வீடுகளை. கனகசுந்தரம் நல்ல சிவலை, சிரித்தால் கன்னம் குழியும். மற்றவர்கள் பார்க்க அவர் சிரித்தாலே குணமணிக்கு வயிறு எரியும். துறைமுகத்து வீட்டுக்குப் பக்கத்தில் கலியாணமாகாத ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருந்தாள். அந்த வீடு வேண்டாம். உப்புவெளியில் எதிர்வீட்டுப் பெண் வேலியில் சாய்ந்து நின்று, "வீடு பாக்கவே வந்தனீங்கள்?" என்று கேட்டாள். கேட்டது கனகசுந்தரத்திடம். அந்த வீடும் வேண்டாம்.

பாலையூற்று வீட்டுக்கு ஒரு பக்கம் வெறும் காணி. மறுபக்கம் உம்மு குல்சும். ஐந்து பிள்ளைகளின் தாய், தையல் மெஷினிலிருந்து தலை நிமிர்த்த நேரமில்லாதவள்.

"இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் குணமணி.

புருஷனைப் பார்க்க ஒரு பெண் இல்லாத இடமாகப் பிடித்துவிட்டேன் என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஓகஸ்ட் கடைசியில் குடிவந்தார்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை முன்கதவுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும் என்பது அந்த நாளைய சட்டம். அவர்களும் ஒட்டினார்கள். நாலு பேர்.

செப்டெம்பர் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டு பத்து. சங்கக்கடை அரிசி வரிசையில் காய்ந்து, பிள்ளைகளோடு குணமணி திரும்பி வந்தாள். காலை வேலை முடித்து வந்த கனகசுந்தரம் சாப்பிட்டுவிட்டு நித்திரை. குசினியில் அவருடைய சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஆறு வருடக் கலியாணத்தில் அந்த மனிதர் ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூடக் கழுவியதில்லை.

"நீங்களே கழுவினனீங்கள்?"

"நீ கழுவியிருப்பாய்."

விட்டுவிட்டாள். அடுத்த கிழமை, அவருடைய சட்டையில் விழுந்திருந்த பொத்தான் தைத்திருந்தது. குணமணி இன்னும் தைக்கவில்லை. தையல் அவளுடைய தையலே இல்லை. நெருக்கமாக, அழகாக, முடிச்சு வெளியே தெரியாமல்... அவளால் அப்படித் தைக்க வராது. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

"ஆர் தைச்சது?"

"எது?"

"பொத்தான்."

அவர் குனிந்து பார்த்தார். "நீதானே?" என்றார். எப்படி நடிக்கிறார் பார் என்று குணமணி பல்லைக் கடித்தாள்.

வேலிக்கு மேலாக உம்மு குல்சுமிடம் கேட்டாள். "நான் இல்லாத நேரம் ஆரும் வாறவையோ அக்கா?"

"ஒருத்தரும் வரல்ல புள்ள." மெஷின் நின்றது. "குசினிக் கதவ மட்டும் பூட்டி வைங்க."

குணமணிக்குத் தேவையான அளவுக்கு அது போதுமாக இருந்தது. வருகிறவள் பின்பக்கத்தால் வருகிறாள். அன்றிலிருந்து குசினியின் பின்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். யன்னலுக்குக் கம்பி ஏற்கெனவே இருந்தது. இனி எப்படி வருவாள் பார்ப்போம்.

பதினெட்டாம் திகதி, பின்னேரம் மூன்று மணி. ஏணையில் சின்னவன் நித்திரை. குசினி வாசலில் குஞ்சு நின்று உள்ளே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரோட கதைக்கிறாய்?"

"மாமியோட."

"எந்த மாமி?"

"குசினி மாமி."

குணமணி பாய்ந்து உள்ளே போனாள். ஒருவரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

வேறொருத்தியாயிருந்தால் அப்போதே பயந்திருப்பாள். குணமணிக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பிள்ளையையும் பழக்கிப் போட்டாளே என்ற கோபம். அன்றிரவு கனகசுந்தரத்துக்குச் சாப்பாடு போடவில்லை. அவர் ஏன் என்று கேட்டார், பிறகு சுருண்டு படுத்துக்கொண்டார்.

மறுநாள், பத்தொன்பதாம் திகதி, வியாழக்கிழமை. விடிய ஐந்து நாற்பது. நாய்கள் குலைத்தன. சப்பாத்துச் சத்தம்... சுற்றிவளைப்பு.

எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு ஆமிக்காரன் கதவுக்குப் பின்னாலிருந்த பட்டியலைப் பார்த்தான். உள்ளே போனான். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பி வந்து ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினான்.

"பேப்பரில நாலு பேர். இஞ்ச நாலு பேர். உள்ள ஒரு ஆள்." தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. "குசினியில இருக்கிற பொம்பிளை யாரு?"

கனகசுந்தரம் விழித்தார். "உள்ளுக்க ஒருத்தரும் இல்லை ஐயா."

"இருக்கு. அடுப்பு ஊதுது. நான் பாத்தது."

இரண்டு கிழமையாகக் குணமணி தேடிய சாட்சி இதோ முன்னால் நிற்கிறது, துவக்கோடு. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் தெரியவில்லை. பட்டியலில் இல்லாத ஆளை வீட்டில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குணமணிக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் வாய் திறந்தது.

"அவரிட்டக் கேளுங்கோ. அவர்தான் கொண்டுவந்து வைச்சிருக்கிறார்."

கனகசுந்தரம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

குசினியைப் புரட்டினார்கள். ஒருவரும் இல்லை. பின்கதவு உள்ளே தாழ்ப்பாள். யன்னல் கம்பி அசையவில்லை. முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு குணமணி அடுப்பு மூட்டவே இல்லை. ஆனால் அடுப்பில் தணல் சிவந்து கிடந்தது.

ஆறு கால். கனகசுந்தரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

குணமணி முகாமுக்குப் போயிருக்க வேண்டும். மனைவி போய் அழுது கையெழுத்து வைத்தால் சிலவேளை விடுவார்கள். அவள் போகவில்லை. பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல என்று அவளே என்னிடம் சொன்னாள். எரிச்சல். அவரை வைத்திருக்கிறவள் போகட்டுமே என்ற எரிச்சல். அதற்குள்ளே, அவர் திரும்பி வராவிட்டால் நான்தானே கொன்றவள் என்ற நடுக்கம். நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவில் கிடந்தாள்.

பின்னேரம் ஆறரை. கரண்ட் இல்லை. விறாந்தையில் இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

குசினிக்குள் சத்தம்.

ஃபூ... ஃபூ...

ஊதுகுழலால் அடுப்பு ஊதுகிற சத்தம். நிதானமாக. அவசரமில்லாமல். அவளுடைய வீட்டில்... அவளுடைய அடுப்பை.

குஞ்சு தலையைத் தூக்கினாள். "மாமி," என்றாள்.

குணமணிக்கு அடங்கிக்கிடந்த எரிச்சல் தொண்டைக்கு வந்தது. குசினியைப் பார்த்துக் கத்தினாள்.

"உன்ர ஆள்தானே? போ! நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா!"

ஊதுகிற சத்தம் நின்றது.

ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை...

பிறகு, உள்ளே பின்கதவுத் தாழ்ப்பாள் இழுபட்டது. கதவு திறந்தது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

மணி ஆறு நாற்பத்திரண்டு.

காலையில் பார்த்தாள். பின்வளவுக் கொடியில் போட்டிருந்த தன் நீலச் சேலையைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு இருபது. முன்கதவில் தட்டினார்கள். பூட்டைத் திறந்தாள். கனகசுந்தரம்!

களைத்து, இரண்டு நாள் தாடியோடு, கண் கலங்கி நின்றார். "முன்னால வந்திட்டு, ஏன் உள்ளுக்கப் பூட்டினனீ?" என்றார்.

"ஆர் முன்னால வந்தது?"

"நீதான்."

"நான் ஒரு இடமும் போகேல்லை."

அவர் சிரிக்கப் பார்த்தார். "மனிசி வந்து கையெழுத்து வைச்சிட்டுது, போ எண்டு விட்டவங்கள். நான் வெளியால வர நீ முன்னால நடக்கிறாய். நீலச் சேலை. கூப்பிட்டனான், திரும்பேல்லை. செய்த வேலைக்கு வெக்கப்படுறாய் எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"பிறகென்ன... பாதை முழுக்கக் கதைச்சுக்கொண்டு வந்தனான்."

"என்ன கதைச்சனீங்கள்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தன்னிடம் சொல்லாத சொல் எல்லாவற்றையும் அந்த முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்பது குணமணிக்கு அந்தக் குனிவிலேயே விளங்கியது. அத்தனையையும் பேய்க்குக் கொடுத்துவிட்டேனே என்று அவள் நெஞ்சு வெந்தது. இன்றைக்கும் கேட்கிறாள். இன்றைக்கும் அவர் சொல்லவில்லை.

பின்வளவுக்குப் போனார்கள். கொடியில் நீலச் சேலை தொங்கியது. கரை முழுக்கப் புழுதி.

சனிக்கிழமை விடிந்ததும் ஆதம்பாவா லொறி கொண்டுவந்தார். சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது உம்மு குல்சும் வேலிக்கு வந்தாள்.

"சிவகாமிப்பிள்ளை," என்றாள் மெதுவாக. "முன்னம் இஞ்ச இருந்தவ. தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில அவட புருஷனக் கொண்டுபோனாங்க. மூணு வருசம் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்குப் போனவ. கையெழுத்து வைக்க ஒருக்காலும் புத்தகம் கொடுக்கல்ல. பிறகு குசினிக்குள்ளதான் உயிர் போனது."

குணமணி முதலில் கேட்டது இதை: "அவ வடிவோ?"

"ஓம் புள்ள. நல்ல வடிவு."

லொறி உறுமியது. குணமணி ஏறப் போனாள். உம்மு குல்சும் அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த மனிசனக் கொண்டுபோனதும் இப்படித்தான். எண்ணிப் பாத்தாங்க. ஒரு ஆள் கூடிப் போச்சு. குசினிக்குள்ள ஒரு பொம்பிளை எண்டாங்க. சிவகாமியும் கோபத்தில அவரைக் காட்டிக் கொடுத்திட்டா."

குணமணி லொறிப் படியில் வைத்த காலை எடுத்தாள்.

"அப்ப சிவகாமி உயிரோட முத்தத்திலதானே நிண்டிருப்பா... குசினிக்க நிண்டது ஆர்?"

"அதத்தான் புள்ள," என்றாள் உம்மு குல்சும், "அவவும் சாகுமட்டும் என்னட்டக் கேட்டுக்கொண்டிருந்தவ."