செவலையைக் கூப்பிட்ட அம்சவள்ளி

கொளக்காநத்தம் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கிணற்றில் விழுந்த போன், டிராக்டர் ஏறிய போன், குழந்தை கடித்த போன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் அய்யம்பெருமாள் மாமா கொண்டுவந்த வேலையை அதற்கு முன்பு யாரும் கொண்டுவந்ததில்லை. துண்டில் முடிந்திருந்த பட்டன் போனை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"தமிழு, இதுக்குள்ள ஒங்க அத்த பேசுனது ஏதாச்சும் கெடக்குமா, பாரு."

"பேசுனதெல்லாம் உள்ள தங்காது மாமா. அப்பப்பவே போயிடும்."

"தெனம் இதுலதானடா பேசுனா? நல்லாத் தொறந்து பாரு."

அவர் திருப்திக்காகப் பின்மூடியைக் கழற்றிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பேட்டரியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

அம்சவள்ளி அத்தை இறந்து வருசம் திரும்பியிருந்தது. மார்வலி என்று பெரம்பலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஒரே மகள் சசிகலா திருப்பூரில் வாழ்கிறாள். மாமா தனிக்கட்டை. மக்காச்சோளக் காட்டுக்குப் போவார், வருவார், தானே பொங்கித் தானே தின்பார். யாரிடமும் வாய்கொடுக்காத மனுசன் அன்றைக்கு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்:

"மொகம் இருக்குடா, போட்டோவுல. சத்தந்தான் மறந்துக்கிட்டே வருது. முந்தியெல்லாம் கண்ண மூடுனா காதுல கேக்கும். இப்ப மூடுனா யார் யாரோ பேசுறாங்க."

சசிகலாவுக்குப் போன் போட்டுத் தேடச் சொன்னேன். அவளிடமும் போட்டோதான். ஒரு கல்யாண வீடியோ மட்டும் கிடைத்தது. பந்தியில் அத்தை வாய் ஓயாமல் பேசுகிறார், சிரிக்கிறார். வீடியோக்காரன் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு அத்தனையையும் அமுக்கிவிட்டான். அவன் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

அப்புறம்தான் ஆர்த்தி ஞாபகத்துக்கு வந்தாள். அத்தை நன்றாக இருந்தபோது, சென்னையிலிருந்து சிற்பம் செய்கிற அந்தப் பெண் மைக்கோடு எங்கள் தெருவுக்கு வந்தாள். பொம்பளைகளை வரிசையாக நிற்கவைத்து, "யார் உங்க வூட்டுக்கு வரணும்னு ஆசைப்படுறீங்களோ, அவங்களப் பேர் சொல்லிச் சத்தமா கூப்பிடுங்க" என்றாள். கட்டினவன் பேரைச் சொல்லச்சொல்லி எங்கள் ஊர்ப் பொம்பளைகளிடம் யாராவது கேட்பார்களா? ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுகிறவர்கள் அவர்கள். ஒருத்தி சிங்கப்பூர் போன மகனைக் கூப்பிட்டாள். ஒருத்தி குலசாமியைக் கூப்பிட்டாள். அம்சவள்ளி அத்தை செவலையைக் கூப்பிட்டார்.

செவலை அவர்கள் வீட்டு ஆடு. அதுவும் எப்போதோ செத்துப்போன ஆடு. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன மாமா, அத்தைக்கு ஒங்கள விட ஆடு பெருசாப் போச்சா?" என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் குரல்களை எல்லாம் ஆர்த்தி பக்கத்து ஊரான காரையின் ஓடையில் கொண்டுவந்து வைத்திருப்பதாகவும், ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பதாகவும் பேசிக்கொண்டார்கள். ஆடோ மாடோ, கேட்கப்போவது அத்தையின் சத்தம்தானே. கடையைச் சாத்திவிட்டு மாமாவை எக்ஸெல் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

காரையில் நிலம் அறுந்து அறுந்து கிடக்கும். செம்மண் மேடு, வெள்ளை மேடு, நடுவில் மழைத்தண்ணீர் வெட்டிய பள்ளம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஒருகாலத்தில் கடல் கிடந்த இடமாம். கல்லாகிப்போன சிப்பியைப் பொறுக்கக் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். நாங்கள் ஆடு காணாமல் போனால்தான் போவோம். அந்த மேடுகளிலும் பள்ளங்களிலும் ஆள் உயர மண்பானைகளை ஆர்த்தி சாய்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பீக்கர். பானைக்குள் ரேடியோ வைக்க மெட்ராஸிலிருந்து வரவேண்டுமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

இறங்கிப் போனதும் அந்த நினைப்புப் போய்விட்டது. ஒரு பானை மகனைக் கூப்பிட்டது. பள்ளம் அதைத் திருப்பிச் சொன்னது. வேறு யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தூரத்தில் இன்னொரு பானை யாரையோ கூப்பிட்டது. அதற்கும் பதில் இல்லை. வெயிலில் நின்றுகொண்டு கேட்கும்போது எனக்கே வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆர்த்தி எதிரே வந்தாள். மாமா யாரென்று சொன்னேன். அத்தை இறந்தது அவளுக்குத் தெரியாது. மாமாவைக் கும்பிட்டாள். பிறகு, "அந்தக் கடைசிப் பானைங்க ஐயா. ஒவ்வொண்ணா வரும். அவங்க முறை வர்ற வரைக்கும் உக்காருங்க" என்று கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

மாமா பானையின் வாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் யாரோ பேசுகிற மாதிரி இருந்துவிட்டால் இந்த மனுசனை என்ன சொல்லித் தேற்றுவது?

பானை கரகரத்தது.

"ஏ செவலே… செவலேய்… பொழுது போச்சு பாரு, சோறு ஆறுது, வந்துரு!"

அத்தையேதான். ஆட்டுக்குச் சோறா என்று எனக்குப் பழக்கதோசத்தில் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் மாமா உட்கார்ந்த இடத்தில் இல்லை. எழுந்து, வேட்டியை மடித்துக்கட்டி, ஊர்ப்பக்கமாக விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். பள்ளத்தின் மேட்டில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கண்ணீர் தாடியில் இறங்கியிருந்தது.

"ஆட்டக் கூப்பிடலடா. என்னத்தான் கூப்பிடுறா."

"என்ன மாமா சொல்றீங்க?"

"வாக்கப்பட்டு வந்த புதுசுல வூட்டுல எங்கப்பா, எங்கம்மா. பேரச் சொல்ல முடியுமா? ஏங்கன்னு சத்தம் போட்டாலும் எங்கம்மா மொறைக்கும். கொல்லையில நின்னு செவலையக் கூப்பிடுவா. செவல பக்கத்துலயே கட்டிக் கெடக்கும். எனக்குத்தான்னு நான் காட்டுலேருந்து கெளம்பிடுவேன். பெரியவங்க போயி, ஆடும் போயி, கடைசி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டா."

"இத்தன நாளா ஏன் மாமா சொல்லல? நாங்க பாட்டுக்குக் கிண்டல் பண்ணிக்கிட்டு…"

"பொஞ்சாதி எப்படிக் கூப்பிடுவான்னு தெருவுல சொல்லிக்கிட்டா திரிவாங்க?" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

என் போனை எடுத்தேன். "அடுத்த தடவ வரும்போது பதிஞ்சுக்கறேன் மாமா. ஒங்க போன்லயே ஏத்தித் தரேன். வூட்டுல உக்காந்து எப்ப வேணுன்னாலும் கேளுங்க."

அவர் என் கையைத் தாழ்த்தினார்.

"வேணாம்டா. இந்தச் சத்தம் கேட்டா நான் வூட்டுக்குத்தான் போவேன். வூட்டுலயே உக்காந்து கேட்டா, எங்கடா போவேன்?"