அண்ணன் முட்டியும் என் முட்டியும்

வலது முட்டியின் உள்பக்கம் கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டபோது அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அண்ணன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்கும் முட்டியில்தான் ஆரம்பித்தது. எலும்பில் புற்றுநோய்.

நான் எட்டாவதோடு நின்றவன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை குடோனில் பண்டல் தூக்குகிறேன். படி இறங்கும்போது முட்டி சுரீர் என்று இழுக்கும். "இன்னா மச்சி, கெய்வன் மாதிரி எறங்குற?" என்று கூட வேலை செய்கிறவன் சிரிப்பான். நானும் சிரித்து வைப்பேன். காலை மடக்கித் தரையில் உட்கார முடியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஒரு நாள் அதை அம்மா பார்த்துவிட்டாள். என் கைலியை முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டைவிரலை வைத்தாள். சரியாக அண்ணனுக்கு இருந்த அதே இடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடையாறில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். எங்கேயாவது விழுந்தாயா என்று கேட்டார். மழைக்காலத்தில் பண்டலோடு குடோன் படியில் வழுக்கி, கால் உள்பக்கம் மடங்கி வீங்கியதைச் சொன்னேன். துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனதையும் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படத்தில் எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கீற்று இருந்தது.

"எலும்புல ஒண்ணும் இல்லப்பா. அன்னைக்குத் தசைநார் கிழிஞ்சிருக்கு. அது ஆறும்போது கால்சியம் படிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அம்மா முகம் மாறவே இல்லை. அண்ணனுக்கும் முதலில் இதையேதான் சொன்னார்கள். எங்கள் பக்கத்துச் சின்ன கிளினிக்கில் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடற்கரையில் பந்து ஆடிய பழைய அடி, கால்சியம், ஒன்றுமில்லை என்றார்கள். நாங்களும் நம்பி மாசக்கணக்கில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தோம்.

அம்மா ஒயர் கூடையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். அண்ணனின் அந்த முதல் படம். அதை அவள் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"டாக்டரே, இத்தையும் அதும் பக்கத்துல வச்சிக் காட்டு."

இரண்டையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார். என் படத்தில் எலும்புக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. பேனாவால் காட்டி, இது தனி, அது தனி என்றார். அண்ணன் படத்தில் அந்தக் கோடு இல்லை. எலும்பே புகைந்து வெளியே வருவது போல இருந்தது. அங்கே பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்பவே இதுல தெர்ஞ்சிதா?" என்றாள் அம்மா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது.

"தெரியுதும்மா" என்றார்.

அதற்கப்புறம் சொன்னதெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன். ஐஸ் ஒத்தடம், மாத்திரை, காலை நீட்டி மடக்கும் பயிற்சி. வலி நிற்காவிட்டால் ஊசி. கத்தி வைக்கத் தேவைப்படாது. கட்டி அப்படியே இருந்தாலும் தொந்தரவில்லை, ஆனாலும் கொஞ்ச நாள் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அம்மா அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வலி குறைந்துவிட்டது. தரையில் உட்கார முடிகிறது. தினம் மீன் விற்கக் கிளம்புமுன் அம்மா மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளித் துணியில் சுற்றி என் முட்டியில் வைக்கிறாள். வைப்பதற்கு முன்னால் அவள் கட்டைவிரல் கட்டியைச் சுற்றி ஒரு முறை போய்வரும்.

"பெர்சா ஆய்க்கினு கீதா?"

"இல்லம்மா."

"உங்கண்ணனும் இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பாள்.