டி டிரைவில் அம்மா

அப்பா மறுமணம் செய்துகொண்ட கையோடு நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்த கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போட்டார். இறந்துபோன அம்மா செல்வியின் வீடியோக்கள் இருந்த டி டிரைவை அன்றிலிருந்து காணவில்லை.

"புதுசு போட்டா பழசு ஒத்துக்காதும்மா" என்றார்.

நான் நம்பவில்லை. சிபியூவை வடலூர் கடைக்குத் தூக்கிப்போனேன்.

"டிரைவ் நல்லாத்தாங்க இருக்குது. யாரோ வேணும்னே செட்டிங்ல மறைச்சு வச்சிருக்காங்க" என்று சொல்லிச் சரிசெய்து கொடுத்தார் கடைக்காரர்.

எனக்கு வெறி ஏறியது. மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா உள்ளறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். சித்தி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் பதில் இல்லை. நான் சத்தத்தைக் கூட்டி வீடியோவைப் போட்டேன்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?" என்றாள் அம்மா.

"இதோ வந்துட்டேன் செல்வி" என்றது உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல்.

பழசு நன்றாகவே வேலை செய்தது. சித்தி சத்தமில்லாமல் தட்டைக் கீழே வைத்தார். நான் அப்பாவைத்தான் குத்த நினைத்தேன்.