உறைந்த இன்சுலின், பூட்டிய கிளினிக், பிக் பெண்ட்: அத்தாவுடன் மூன்று நாள்

சென்ற அக்டோபரில் எனக்கு ஒரு வங்கி கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்கப் பதினோரு நாள் இடைவெளி கிடைத்தது. ஜெர்சி சிட்டியில் எங்கள் அப்பார்ட்மென்டின் ஜன்னலோரம் மூன்று மாதமாக உட்கார்ந்து, மன்ஹாட்டனுக்குப் போகும் ரயிலையும் எதிர்க்கட்டடத்தின் பால்கனிகளையும் பார்த்துச் சலித்துப்போயிருந்தார் ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, நாங்கள் அத்தா என்போம். எங்கே போகலாம் என்று கேட்டேன். நயாகரா என்பார் என்று நினைத்து விலைகூடப் பார்த்துவைத்திருந்தேன். ஆளே இல்லாத இடமாக ஒன்று காட்டு என்றார். அப்படித்தான் மேற்கு டெக்சாஸில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்கா முடிவானது.

அத்தாவுக்கு வயது அறுபத்தொன்பது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. இங்கே வரும் எல்லாப் பெற்றோரையும் போல, ஆறு மாத மருந்தை ஊரிலேயே வாங்கி ஒரு பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு வந்தவர். ஊசி போடும் சிரிஞ்சுகள் உட்பட.

நெவார்க்கிலிருந்து சான் அன்டோனியோவுக்கு விமான டிக்கெட் ஆளுக்கு 198 டாலர். அங்கே என் தங்கை ஃபாத்திமா வீடு. வாடகைக் கார் நான்கு நாளுக்கு 236 டாலர். புதன்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். மேற்கு டெக்சாஸில் ஹலால் கறி கிடைக்காது, மூன்று நாளும் ரொட்டியும் சீஸும் தின்று வாடாதீர்கள் என்று ஃபாத்திமா மட்டன் குருமாவும் கைமாவும் டப்பா டப்பாவாக உறையவைத்துக் கொடுத்தாள். அவை தாங்குவதற்கு நான் சாதா ஐஸைவிடப் பலமடங்கு குளிரான ட்ரை ஐஸ் பத்து பவுண்ட் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டேன், 18 டாலர். (ட்ரை ஐஸ் வைத்தால் கார் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், அதிலிருந்து வரும் வாயு மூச்சை முட்டும்.) அத்தாவின் இரண்டு இன்சுலின் குப்பிகளையும் அதே பெட்டியில் கறி டப்பாக்களுக்கு நடுவில் செருகினேன். குளிரில் வைக்கவேண்டிய மருந்துதானே, கூடுதல் குளிர் கூடுதல் பாதுகாப்பு என்பது என் இன்ஜினியர் மூளையின் கணக்கு. அத்தா அப்போது உள்ளே தொழுதுகொண்டிருந்தார், இல்லையென்றால் என் காதைத் திருகியிருப்பார்.

ஐ-10 சாலையில் மேற்கே போகப்போக வீடுகள் குறைந்தன, பிறகு மரங்கள் குறைந்தன, பிறகு எல்லாமே குறைந்துவிட்டது. வேக வரம்பு எண்பது மைல். ஆனாலும் கார் நகர்கிற மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு பெரிய வெளி. தட்டையான உச்சியுள்ள குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று பின்னால் போயின. ஒரு வளைவில் சாலை மலையைப் பிளந்துகொண்டு இறங்கியபோது, முன்னால் நாற்பது மைலாவது இருக்கும் நிலம் ஒரே பார்வையில் விரிந்தது. நான் காரை ஓரம் கட்டிவிட்டேன். பத்து நிமிடம் இறங்கி நின்று பார்த்தோம். சுப்ஹானல்லாஹ் என்று மட்டும் அத்தா மூன்று தடவை சொன்னார். எனக்கு வேலையும் விசாவும் பெற்றோரும் எல்லாம் மறந்துபோன பத்து நிமிடம் அது.

பன்னிரண்டே காலுக்கு, சுமார் 240 மைல் தாண்டி, சாலையோர மேசை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். பெட்டியைத் திறந்த அத்தா குப்பிகளை வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். இரண்டும் கல்லாகியிருந்தன. உருகினால் சரியாகிவிடாதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"உருகும். ஆனா மருந்தா இருக்காது தம்பி, தண்ணியாத்தான் இருக்கும்" என்றார்.

மாலை ஆறு மணிக்கு அடுத்த ஊசி. ஒரு வேளை தவறினாலே அவருக்குச் சர்க்கரை முந்நூற்றைம்பதைத் தாண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒருமுறை தாண்டி மதுரையில் ஐந்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். ஃபாத்திமாவுக்குப் போன் பண்ணினேன், சிக்னல் இல்லை. மருந்து ஜெர்சி சிட்டி ஃபிரிட்ஜில் இருக்கிறது, நாங்கள் இங்கே இருக்கிறோம். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குருமாவைத் தொடக்கூட முடியவில்லை.

காரின் மேப்பில் பதினெட்டு மைல் தள்ளி ஒரு கவுன்டி கிளினிக், நம்மூர் மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மாதிரி, இருப்பதாகக் காட்டியது. திறந்திருக்கிறது என்றும் காட்டியது. ஊரின் பெயரையும் கவுன்டியின் பெயரையும் எழுதப்போவதில்லை. பன்னிரண்டே முக்காலுக்குப் போய் நின்றோம்.

அந்தக் கட்டடத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். முந்நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள் போலிருந்த ஊரில், கண்ணாடியும் மணல் நிறக் கல்லுமாக அப்படியொரு மாளிகை. முன்னால் பச்சைப் புல்வெளி, பாலைவன வெயிலில் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளித்துக்கொண்டிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டு முதல் ஐந்து வரை என்று கதவில் பொறித்திருந்தது. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே எல்லா விளக்கும் எரிகிறது. காய்கறி சாப்பிடுங்கள் என்று பெரிய டி.வி. ஒன்று காலி நாற்காலிகளுக்குப் பாடம் நடத்துகிறது. நாற்காலிகளில் பாதிக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் பஸ் அளவுக்கு ஒரு நடமாடும் மருத்துவ வண்டி நின்றது, டயர்கள் காற்றிறங்கித் தரையோடு அமுங்கியிருந்தன.

எதிரே இருந்த பெட்ரோல் பங்க்கில் விசாரித்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் எங்களைப் போலப் பலருக்குச் சொல்லி அலுத்தவர் போலிருந்தார். நிரந்தர டாக்டர் கிடையாது, கான்ட்ராக்டில் ஒருவர் புதன்தோறும் வரவேண்டும், வருவது அபூர்வம். வரவேற்பில் இருக்கும் பெண் டாக்டர் வராத நாளில் பூட்டிவிட்டுப் போய்விடுவார். வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஆள் யாரும் வேலைக்கு எடுக்கப்படவில்லை, வருடத்துக்கு ஒரு நாள் ஊர்வலத்தில் மட்டும் அதை யாராவது ஓட்டுவார்கள் என்றார். ஐம்பத்திரண்டு மைல் தள்ளி அடுத்த கவுன்டியில் ஒரு நர்ஸ் இருக்கிறார், அங்கே போங்கள், அவர் இருப்பார் என்றார். இருப்பார் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது அத்தா கட்டடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடித்திருந்தார்.

"நம்ம ஊர்ல ஆளில்லாத ஆஸ்பத்திரியில ஃபேன்தான் ஓடும். இங்க ஏசியே ஓடுதேப்பா" என்றார். உண்மையான வியப்போடுதான் சொன்னார். இங்கே இப்படியெல்லாம் நடக்காது என்று மூன்று மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவில் கை வைத்து இன்னும் கொஞ்சநேரம் உள்ளே பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த ஐம்பது மைலும் வாய் திறக்கவில்லை. மருந்துக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கிளினிக் ஒரு பழைய தபால் நிலையத்துக்குள் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஃபிரிட்ஜ், ஆறு நாற்காலி, ஆறிலும் ஆள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, நர்ஸ் அவர்தான், சீட்டுப் போடுபவரும் அவர்தான், நடுநடுவே துடைப்பத்தை எடுப்பதும் அவர்தான். நாங்கள் போனது இரண்டு மணிக்கு. இரண்டே முக்காலுக்கு அழைத்தார். கட்டணம் 20 டாலர். அத்தா தன் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னதும், அதே வகை இன்சுலின் தன்னிடம் இருக்கிறது என்று ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துவைத்தார். அத்தா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. என் முகத்திலும்தான்.

ஊசி போட்டுக்கொள்ளத் தெரியுமா என்று கேட்டார். முப்பத்தொரு வருடம் மருந்தாளுநர் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நல்லது, மாலையில் எப்படி எடுப்பீர்கள் என்று எனக்கு ஒருமுறை காட்டுங்கள் என்றார். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் பையைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக் குப்பியில் குத்தி, வழக்கமான இருபத்து நான்கு வரை இழுத்தார்.

அந்த அம்மா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார். இந்தியா என்றேன். ஒரு காகிதத்தில் இரண்டு எண்களை எழுதினார்: 40, 100. நம்மூர்க் குப்பியில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் மருந்து, நம்மூர் சிரிஞ்சின் கோடுகளும் அதற்கேற்பப் போட்டவை. இங்கே ஒரு மில்லிக்கு நூறு. அத்தா இழுத்தது இருபத்து நான்கு அல்ல, அறுபது யூனிட். அன்று மாலை ஆறு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் காலையில் எழுந்திருக்கமாட்டார்.

அத்தாவுக்கு அது தெரியாததில்லை. எப்போதோ படித்தது, முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் தேவைப்படாதது, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவுதான். அந்த அம்மா கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இங்கத்திய ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகள் ஒரு கட்டுக் கொடுத்தார். வெளியே நான்கு பேர் காத்திருக்க, அத்தாவை வெறும் தண்ணீரில் மூன்று முறை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை சரியாக வந்ததும் தோளைத் தட்டிக்கொடுத்தார். நீங்கள் லீவு போட்டால் இவர்களெல்லாம் என்ன செய்வார்கள் என்று அத்தா தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வீட்டு போன் நம்பரைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவேன்" என்றார் அவர், அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே.

ஐந்தரைக்கு, இரவு தங்க ஆல்பைன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அறை 118 டாலர், ஃபிரிட்ஜ் உண்டு. ஆறு மணிக்கு ஊசி. வியாழன் காலை தெற்கே 118ஆம் சாலையில் எண்பது மைல், அங்கிருந்து பூங்காவுக்குள் ஏறக்குறைய நாற்பது மைல் போனால் சான்டா எலீனா பள்ளத்தாக்கு. நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம், படம் ஒன்றுமே இல்லை. ஆயிரத்தைந்நூறு அடிப் பாறைச் சுவர் செங்குத்தாக எழுந்து நிற்க, அதை நடுவில் அறுத்துக்கொண்டு ரியோ கிராண்டே ஆறு வெளியே வருகிறது. இடது சுவர் மெக்சிகோ, வலது சுவர் அமெரிக்கா. இவ்வளவு மெலிந்த ஆறா இதைச் செய்தது என்று நம்பவே முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தைய நாள் அவரை இழந்திருப்பேன் என்பதும் அதில் சேர்ந்துகொண்டது.

ஆற்றோரக் கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டார் அத்தா. அவராகவே பேச ஆரம்பித்தார். அவர்கள் நிலையத்தில் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார், மற்ற நாளில் எல்லாமே அத்தாதான் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். தெரியாத ஒன்றை இப்போது சொன்னார். வியாழக்கிழமைகளில் மத்தியானம் நிலையத்தைப் பூட்டிவிட்டு அத்தா தன் தம்பியின் ஜவுளிக்கடைக்குப் போய்விடுவாராம். சந்தை நாள், கடையில் கூட்டம். பதிவேட்டில் ஐந்து மணி வரை கையெழுத்து இருக்கும். இப்படி எட்டு வருடம்.

"ஒரு வியாழக்கெழம ஒரு பொம்பள பிள்ளையத் தூக்கிட்டு வந்து, கதவத் தட்டிட்டுப் போனதா மறுநாள் டீக்கடையில சொன்னாங்க. எந்த ஊருன்னு அவங்களுக்குத் தெரியும். நான் கேக்கல. நேத்து அந்தக் கண்ணாடியில கைய வச்சப்பதான் தம்பி, அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுது."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் யார்தான் செய்யவில்லை என்றிருக்கலாம்.

இனி, பெற்றோரோடு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு. இன்சுலின் உறையவே கூடாது, ஐஸோடு ஒட்டவைக்காதீர்கள், துணியில் சுற்றித் தனிப் பையில் வையுங்கள். பழைய வகை இன்சுலின் டெக்சாஸில் மருந்துச்சீட்டு இல்லாமலே பெரிய கடைகளின் மருந்துப் பிரிவில் கிடைக்கிறது, நான் திரும்பும் வழியில் ஃபோர்ட் ஸ்டாக்டனில் 25 டாலருக்கு இன்னொரு குப்பி வாங்கினேன். ஆனால் ஊர் சிரிஞ்சை இங்கத்திய குப்பியில் குத்தாதீர்கள், கடையில் இருக்கும் மருந்தாளுநரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள். மேப் சொல்வதை நம்பிப் போகாமல் கிளினிக்குக்குப் போன் பண்ணி ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும்போது எல்லைக் காவல் சோதனைச்சாவடி உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெட்ரோல் பாதி குறைந்தாலே நிரப்பிவிடுங்கள்.

இதை எழுதி முடித்து, ஆற்றோரத்தில் பேசியதை மட்டும் எடுத்துவிட்டு அத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். நம் வீட்டு விஷயம் நம்மோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊர் ஆஸ்பத்திரி பூட்டியிருந்தத எழுதிருக்க. என் ஆஸ்பத்திரி பூட்டியிருந்ததையும் எழுது" என்றார்.