லுங்கியில் தைத்த டவுசர்

ஆம்பூர்ப் பட்டறைக்கு எண்பத்து நாலில் வந்த கல் அறுக்கும் மிஷினை ஓட்டியவர் ஜம்புலிங்கம். அதன் வட்டப் பிளேடு சுற்றிக்கொண்டே தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் போகும். நாளெல்லாம் நனைந்து நிற்கும் அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் கொட்டாமல் பிளேடைக் கல்லில் வைக்கமாட்டார். கல் பலகை வாங்க வந்தவர்கள் அவசரப்படுத்தினால், "உங்க கையா போவுது?" என்று எரிந்து விழுவார்.

மாமனார் நந்தகோபால் குடியாத்தத்தில் விசைத்தறியில் லுங்கி நெய்பவர். தீபாவளிக்குத் தீபாவளி மாப்பிள்ளைக்குக் கட்டம்போட்ட லுங்கி வரும். ஜம்புலிங்கம் அதை டெய்லரிடம் கொடுத்து வேலைக்கு அரை டவுசராகத் தைத்துக்கொள்வார்.

"எங்கப்பா பாத்தா இன்னா நெனைப்பாரு?" என்று மனைவி கமலவேணி புலம்புவாள்.

ஒருநாள் நந்தகோபாலே பட்டறைக்கு வந்துவிட்டார். தான் நெய்த கட்டம் டவுசராகி நிற்பதைப் பார்த்தார். ஜம்புலிங்கம் மோட்டாரை நிறுத்தி, பிளேடு சுற்றி ஓயும்வரை காத்திருந்து, பிறகுதான் திரும்பினார்.

"வாங்க மாமா. லுங்கி ஓரம் சிக்குனா ஆளையே இழுத்துடும். அதான்."

நந்தகோபால் பிளேடைப் பார்த்தார், பிறகு தான் கட்டியிருந்த லுங்கியைப் பார்த்தார்.

"நம்ம தறியிலயும் பெல்ட் ஓடுது மாப்ளே," என்றார். "அந்த டெய்லர் கடை எங்க இருக்குது?"