மாத்திரைக்கு முந்தைய காலி எடை

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். 5.55-க்குப் பால் வாங்கினேன். 6.10-க்குத் தண்ணீர் மோட்டார் போட்டேன். 7.30-க்கு மூன்று இட்லி. 7.45 முதல் 8.00 வரை மாத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததோடு சரி. இது நான்காவது நாள்.

"இன்னாய்யா, அதையே மொறைச்சிக்கினு கீற? அதுவா வந்து வாய்ல வுயுமா?" என்றாள் மனைவி.

திருவொற்றியூரில் ஓர் எடை மேடையில் பத்தொன்பது வருடங்களாக லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுகிறேன். ஓராண்டாக எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, சீட்டில் எண் சரிதானா? ஒருமுறை ஏற்றினால் போதும் என்கிற லாரியை மூன்று முறை ஏற்றி இறக்கினேன். மணலியிலிருந்து வந்த டேங்கர்கள் பெரிய சாலை வரை வரிசைகட்டின.

"இன்னா நைனா, எடை போட்றியா, பொண்ணு பாக்குறியா? எத்தினி வாட்டி வண்டிய ஏத்தி எறக்குவ?" என்று ஓர் ஓட்டுநர் கத்தினார். முதலாளி கத்தவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வரிசை குறையாவிட்டால் என் நாற்காலியில் வேறு ஆள் என்று மெதுவாகச் சொன்னார்.

அதனால்தான் சனிக்கிழமை மனநல மருத்துவரிடம் போனேன். இது பதற்ற நோய், மருந்தில் கட்டுப்படும் என்றார் அந்த அம்மா. ஒருவகை மாத்திரை மெதுவாக வேலை செய்யும். தினமும் போட வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இன்னொரு வகை உடனே அமைதிப்படுத்தும். ஆனால் பழகிவிடும் என்பதால் சில நாட்களுக்கு மேல் தருவதில்லை. எனக்கு முதல் வகையைக் குறைந்த அளவில் எழுதினார்.

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க வந்தது. குமட்டல், வாய் உலர்தல், வியர்வை, கைநடுக்கம், தூக்கக் குறைவு என்று பக்கவிளைவுகள் வரிசையாக இருந்தன. உடனே நோட்டில் கட்டம் போட்டேன். எங்கள் தொழிலில் முதலில் காலி லாரியை எடை போடுவோம், பிறகு சரக்கோடு. அப்போதுதான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். ஆகவே மாத்திரைக்கு முன் மூன்று நாள் என் காலி எடையை எடுத்தேன். ஒரு நாளைக்கு நான்கு வேளை. தாளில் சொன்னது எனக்கு இருந்தால் டிக், இல்லாவிட்டால் கோடு.

புதன் மாலை நோட்டைப் பார்த்தபோது கை வியர்த்தது. அதற்கும் ஒரு டிக் போட்டேன். கோடே இல்லை, பக்கமெல்லாம் டிக். இவ்வளவு பக்கவிளைவு உள்ள மாத்திரையை மனிதன் விழுங்குவானா? அந்த இரண்டாவது வகையைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று மனைவியோடு 5.30-க்கு மருத்துவர் முன் உட்கார்ந்தேன்.

அவர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். "எத்தனை மாத்திரை போட்டீங்க சார்?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"அப்ப இதெல்லாம் எதோட பக்கவிளைவு?"

நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'மாத்திரைக்கு முந்தைய காலி எடை' என்று தலைப்பை நானே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். "அது காலி லாரி, டாக்டர்."

"காலி லாரியா?" என்றாள் மனைவி. "ஃபுல் லோடு ஏத்திக்கினு நிக்குது மேடம். மூணு நாளா வூட்டுக்குள்ள ஆரன் அடிச்சிக்கினே கீது!"

மருத்துவர் சிரித்து முடிக்கச் சிறிது நேரம் ஆனது. "இந்த டிக்கைக் குறைக்கத்தான் சார் மாத்திரை. முதல் சில நாள் வயிறு கொஞ்சம் புரட்டலாம், அதனால சாப்பிட்டுட்டுப் போடுங்க. நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. நோட்டு எழுதணும்னா வாரத்துக்கு ஒரு தடவை போதும்."

"ரெண்டு தடவை?" என்று கேட்டுப் பார்த்தேன். மனைவி நோட்டைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை 5.40-க்கு எழுந்ததும் முதல் வேலையாக, பாலுக்குக்கூடப் போகாமல், ஒரு பன்னைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை விழுங்கினேன். ஒரே முறை. வெளியே எடுத்து மறுபடி சரிபார்க்க வழியில்லை. பால் வாங்கும்போது மணி 6.05.